வீடு புதுப்பித்த பிறகு குடும்பம் பழகுவதற்கு: முதல் மூன்று மாதங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் வாழும் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் மணல் குவிந்து கிடக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தனி வீடு வாங்குகிற விலையில் இல்லை, அதனால் மேலே ஒரு மாடி. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை, அதனால் பின்னால் ஒரு அறை. அறுபதுகளில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றிவிட்டு ஓடு. எவ்வளவு செலவாகும், எந்த பில்டர் நல்லவர், என்ன டைல் போடலாம் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். வேலை முடிந்து உள்ளே வந்தபின் வீட்டில் ஏன் ஆளாளுக்குக் கடுகடுவென்று இருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.

உறவுக்காரர் வீடு, தெருக்காரர் வீடு, எங்கள் வீடு என்று பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: எந்த வேலை செய்தாலும் வீட்டில் யாராவது ஒருவருடைய இடம் காணாமல் போகிறது. அது ஒரு நாற்காலியாக இருக்கலாம், ஒரு ஜன்னலாக இருக்கலாம், போன் பேச ஒதுங்குகிற மூலையாக இருக்கலாம். அந்த ஆள் யார் என்று கண்டுபிடித்து, அவருக்கென்று வேறு ஒரு இடத்தைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இதையொட்டித்தான்.

படி 1: இடிப்பதற்கு முன்பு ஒரு வாரம் கவனியுங்கள்

ஒரு தாளில் வீட்டைக் கையாலேயே வரைந்துகொள்ளுங்கள். காலை, சாயங்காலம், இரவு என்று மூன்று வேளையும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் எழுதுங்கள். தாத்தா பின்கதவுப் படியில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார். அங்கிருந்து கேட் தெரியும், வருகிறவர்களிடம் முதல் பேச்சு அவர் பேச்சு. மகள் வீட்டுப்பாடம் எழுதுவது தன் அறையில் இல்லை, சமையலறை மேஜையில், அம்மா வெங்காயம் நறுக்குகிற பக்கத்தில். மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசுவது துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே, ஏனென்றால் வீட்டில் யார் காதிலும் விழாத ஒரே இடம் அதுதான்.

இப்போது அந்தத் தாளைப் புதுப் பிளானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்கதவுப் படி இருந்த இடத்தில் புது அறையின் சுவர் வருகிறது. சமையலறை மேஜைக்குப் பதில் உயரமான கவுண்டர் வருகிறது. துணிக்கம்பி இருந்த இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்கள். மூன்று பேருடைய இடம் போய்விட்டது. பிளான் போடுகிறவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னலை நகர்த்துவதற்குப் பிளான் காகிதத்தில் இருக்கும்போது அதிகச் செலவில்லை. கட்டிய பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

வயதானவர்களிடம் கேட்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950ஆம் ஆண்டு வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டவர்கள் நம் பெரியவர்கள். அறுபதுகளில் சாமானோடு சாமானாக வந்து இறங்கிய சின்னப் பிள்ளைகள்தான் இன்றைய தாத்தாக்களும் ஆயாக்களும். அன்று அவர்களுடைய அப்பா அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த இடத்தில் கிடைத்தது ஒரே அச்சில் வார்த்த வீடு, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். அதற்கு வாடகை கட்டி, பிறகு தவணை கட்டிச் சொந்தமாக்கி, மாமரம் வைத்து, கறிவேப்பிலை வைத்து, வராண்டாவை அடைத்து ஒரு அறையாக்கித் தங்கள் வீடாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தச் சுவரை இடிக்கிறோம் என்று மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தால், நல்லதுக்குத்தான் என்றாலும், மறுபடியும் தங்களைக் கேட்காமல் முடிவாகிவிட்டது என்றுதான் மனதில் விழும். பல பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "உங்க இஷ்டம்ப்பா" என்று எழுந்து போய்விடுவார்கள். அது சம்மதம் இல்லை.

அதனால் பிளானை மேஜைமேல் விரித்துவைத்து, "ஆயா, உங்க நாற்காலிய எங்க போடட்டும்?" என்று முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். எதை இடிக்கக்கூடாது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்: தாத்தா கையால் பூசிய ஒரு திண்ணை, பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்ட ஒரு கதவு நிலை. கதவு நிலையைக் கழற்றிப் புது அறையில் மாட்ட பில்டருக்கு அரை நாள் வேலை. செய்யச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதை உடைக்கவோ, துளை போடவோ, விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. இந்த நாட்டில் 2008ல் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது, கழற்றுவதற்கென்று பதிவு பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலை நடக்கும்போது குடும்பம் வீட்டில் இருக்க வேண்டாம்.

படி 2: குடிபோகும் முன் காகிதங்கள்

இது சுவாரசியமில்லாத பகுதி, ஆனால் பின்னால் வரும் சண்டைகளில் ஒன்றை இப்போதே தீர்த்துவிடலாம். கூடுதலாகக் கட்டுவதற்கு மாநகராட்சியின் பிளான் ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டுச் சட்டம். வேலை முடிந்ததும் குடியிருப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் புதுப் பகுதியில் குடியிருப்பது குற்றம். மின்சார வேலைக்கு எலக்ட்ரீஷியனின் சான்றிதழ், காஸ் அடுப்பு வைத்தால் காஸ் வேலைக்குத் தனிச் சான்றிதழ். நான்கையும் ஒரே ஃபைலில் போட்டு, இன்சூரன்ஸ்காரரிடம் வீடு பெரிதாகிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். வீட்டு வரி மதிப்பும் ஏறும். அந்தக் கூடுதல் வரியை யார் கட்டுவது, அப்பாவா, மேல்மாடி மகனா என்பதை முதல் பில் வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். தண்ணீர், கரண்ட் கணக்கும் அப்படியே.

படி 3: எந்த மாதத்தில் உள்ளே போவது

டிசம்பர் பாதியில் கட்டுமானத் தொழில் முழுக்க விடுமுறைக்குப் போய்விடும், ஜனவரியில்தான் திரும்பும். அதனால் கிறிஸ்துமஸுக்கு முன் முடித்துக்கொடு என்று எல்லாரும் பில்டரை நெருக்குவார்கள். அப்படி முடிகிற வீட்டில் பூச்சு காய்ந்திருக்காது. டர்பன் கோடையின் ஈரக்காற்றில் சுவர் காய்வது மெதுவாகத்தான் நடக்கும். பூசி நான்கு வாரமாவது விட்டுவிட்டுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொப்பளம் வரும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். தென் டர்பன் பக்கம் ஆலைப் புகையோடு வளர்ந்த பிள்ளைகளில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் நிறைய. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பெயிண்ட், வார்னிஷ், புது அலமாரிகளின் நெடி போகும்வரை அவரை அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காய்ந்த மாதங்கள்தான் உள்ளே போக நல்லவை என்பது என் கருத்து.

மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் செப்டம்பருக்குப் பிறகு எதையும் நகர்த்தாதீர்கள். செப்டம்பரில் மாதிரித் தேர்வு, அக்டோபர் கடைசியில் இறுதித் தேர்வு தொடங்கும். அந்த நேரத்தில் புது அறை கொடுப்பதைவிடப் பழைய மேஜையில் படிக்கவிடுவது நல்லது. அதே செப்டம்பரில் புரட்டாசியும் வந்துவிடும். வீட்டை அலசிக் கழுவி, பித்தளை தேய்த்து, மாதம் முழுக்க மரக்கறி சமைக்கிற குடும்பங்களில் பாதி வேலை நடக்கிற சமையலறையோடு புரட்டாசியை எதிர்கொள்வது பெண்களுக்குப் பெரிய சோதனை. புரட்டாசிக்கு முன் சமையலறையாவது முடிந்திருக்க வேண்டும் என்று பில்டரிடம் தேதி போட்டுச் சொல்லுங்கள்.

முதலில் உள்ளே போக வேண்டியது காமாட்சி விளக்கு. பால் காய்ச்சுங்கள். பெரியவர்களை முன்னால் விடுங்கள். விளக்கு வைக்கும் இடத்தைப் பிளான் போடும்போதே முடிவு செய்திருந்தால் நல்லது. அதை அதிகம் ஏற்றுகிறவர் குனியாமல், எக்காமல் ஏற்றும் உயரமாக இருக்க வேண்டும். அடியில் டைல் அல்லது கிரானைட் போடுங்கள், பலகை அலமாரிமேல் வைத்தால் எண்ணெய் ஊறிக் கறுத்துவிடும், கற்பூரம் சரிந்தால் பற்றும். பக்கத்து ஜன்னலைத் திறந்தால் சுடர் அணையுமா என்று ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

படி 4: முதல் வாரம், கைக்கும் காலுக்கும்

ஒரே வீட்டில் வருஷக்கணக்காக இருந்தவருக்கு ஸ்விட்ச் எங்கே என்று கை தானாகவே போகும். இருட்டில் குளியலறைக்கு எத்தனை அடி என்று காலுக்குத் தெரியும். புது வீட்டில் முதல் இரண்டு மூன்று வாரம் கை வெறும் சுவரைத் தடவும். ராத்திரி எழுகிறவர் பழைய கணக்கில் திரும்பிப் புதுச் சுவரில் முட்டிக்கொள்வார். விழுகிற ஆபத்து அதிகமான நாட்கள் இவை.

முதல் ராத்திரிக்கு முன் செய்ய வேண்டியவை: படுக்கையிலிருந்து கழிப்பறைவரை தரையோரம் சின்ன ராத்திரி விளக்குகள் செருகுங்கள். ஒவ்வொருவரும் விளக்கை அணைத்துவிட்டு அந்த வழியை இரண்டு முறை நடந்து பார்க்கட்டும், பெரியவர்கள் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு. கார்ப்பெட் துண்டுகளையும் மிதியடிகளையும் இப்போதைக்குச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

திருட்டு அலாரத்தை மறந்துவிடுவார்கள். புது நடைபாதையில் சென்சார் மாட்டியிருப்பார்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தா எழுந்து போவார், தெருவே விழிக்கும். அதற்கப்புறம் அவர் ராத்திரி எழவே பயந்து சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவார். இது உடம்புக்குக் கெடுதல். எந்தப் பகுதி ராத்திரி விழிப்பில் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று அலாரக்காரரிடம் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

மேல்மாடி ஜன்னல்களுக்குப் பர்க்லர் கார்டு, அதாவது திருடன் நுழையாத கம்பி மாட்டும்போது ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். சாவி அந்த அறையிலேயே, கைக்கு எட்டும் இடத்தில், வெளியிலிருந்து எட்டாதபடி தொங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கூட்டி, நெருப்பு என்றால் யார் எந்த வழியாக, ஆயாவை யார் அழைத்துக்கொண்டு வருவது என்று நடந்தே பாருங்கள். குழந்தைகள் உற்சாகமாகச் செய்வார்கள்.

லோட் ஷெட்டிங் என்று முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது 2023 போல இப்போது இல்லை, ஆனால் கரண்ட் போவது நின்றுவிடவில்லை. இன்வெர்ட்டர் போட்டிருந்தால் எந்தப் பிளக் அதில் ஓடும், எது ஓடாது என்று தெரியாமல் யாராவது கெட்டிலையும் ஹீட்டரையும் சொருகுவார்கள். இன்வெர்ட்டர் பிளக்குகள்மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கரண்ட் இல்லாதபோது கேட்டைக் கையால் திறப்பது எப்படி என்று வீட்டில் எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள், வீட்டில் தனியாக இருப்பவருக்கு முதலில்.

படி 5: சமையலறை

அதிகச் சண்டை இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலமாரி தேர்ந்தெடுத்தது மருமகளாக இருக்கும், தினமும் சமைப்பது மாமியாராக இருக்கும். அல்லது நேர்மாறாக இருக்கும். உப்பு எங்கே, மசாலா டப்பா எங்கே என்பதில் ஆரம்பித்து யார் வீடு இது என்பதுவரை போய்விடும். என் முடிவு தெளிவானது: சாமான் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தினமும் அதிகம் சமைக்கிறவர் சொல்லட்டும். பணம் யார் போட்டார்கள், டிசைன் யாருடையது என்பது இங்கே கணக்கில் வரக்கூடாது. இரண்டு பேரும் சமைக்கிற வீடானால் இரண்டு மசாலா டப்பா வைத்துக்கொள்ளுங்கள். செலவு நூறு ரேண்டோ இருநூறு ரேண்டோ, நிம்மதி அதைவிடப் பெரிது.

தினமும் எடுப்பது எல்லாம் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். கூரைவரை போகும் அலமாரி பார்க்க அழகு, ஆனால் அறுபது தாண்டிய அம்மா ஸ்டூல்மேல் ஏறி அரிசி எடுக்கிற நிலைமை வரக்கூடாது. மேல்தட்டில் வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதை மட்டும் வையுங்கள். புரட்டாசிக்குத் தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளில் அதற்கென்று கதவு போட்ட ஒரு தட்டை ஒதுக்கி, மற்ற எதையும் அங்கே கலக்காதீர்கள். புது வீட்டில் அந்தத் தட்டு எது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பெரியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

இண்டக்ஷன் அடுப்பு வாங்குகிறவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பாத்திரங்களைச் சோதித்துப் பாருங்கள். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. நம் வீடுகளில் பிரியாணிக்கும் பூஜைச் சமையலுக்கும் இருக்கிற பெரிய அலுமினியப் பானை, ஆயா கொடுத்த பித்தளைச் சட்டி எதுவும் ஒட்டாது. நாற்பது வருஷமாகக் குழம்பு வைத்த பாத்திரத்தை ஒரே நாளில் கராஜுக்கு அனுப்பினால் சமைக்கிறவருக்குக் கை உடைந்த மாதிரி இருக்கும். ஒரு காஸ் பர்னராவது வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நாளுக்கும் உதவும்.

பின்வாசலில் வெளியே சமைக்கிற இடமும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால் அதை இடிக்காதீர்கள். ஆடி மாதக் கூழுக்கு, கல்யாண வீட்டுச் சமையலுக்கு, மீன் பொரிப்பதற்கு அந்த இடம் வேண்டும். சுவரை எடுத்துவிட்டு சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கிய வீட்டில் மீன் வாசம் சோபா துணியில் ஏறிவிடும். வெளியே காற்றைத் தள்ளுகிற எக்ஸ்ட்ராக்டர் வாங்குங்கள். உள்ளேயே வடிகட்டிச் சுற்றிவிடுவது நம் தாளிப்புக்குப் போதாது.

இப்படிச் சுவரில்லாத வீட்டில் இன்னொன்றும் நடக்கும். டிவி சத்தம், மிக்ஸி சத்தம், போன் பேச்சு எல்லாம் ஒரே அறையில் சேரும். முதல் வாரத்திலேயே பேசி ஒரு மணி நேரத்தை அமைதிக்கு ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் அது சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். டிவி அணைந்திருக்கும், மிக்ஸி ஓடாது. பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் பாடத்தை முடிக்கிறார்கள்.

படி 6: ஆயாவுக்கும் தாத்தாவுக்கும்

அறை எங்கே என்பதில் சூரியனைப் பாருங்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், குளிர்காலத்தில் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். இந்தியாவில் வெயில் வரும் திசைக் கணக்கை வைத்துத் தெற்கு ஜன்னல் வைத்துக் கொடுத்தால் ஜூன், ஜூலையில் ஆயாவின் அறையில் ஒரு கீற்று வெயில் படாது. மூட்டு வலிக்காரர்களுக்கு வடக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

படிக்கட்டில் ஒவ்வொரு படியும் 200 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, கால் வைக்கும் அகலம் 250க்குக் குறையக்கூடாது என்பது கட்டட விதி. எல்லாப் படியும் ஒரே உயரமா என்று அளந்து பாருங்கள். ஒரே ஒரு படி கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் அதில்தான் தடுக்கும். பளபளக்கும் ஒரே நிற டைல் போட்டிருந்தால் வயதான கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரியாது. ஒவ்வொரு விளிம்பிலும் வேறு நிறத்தில் வழுக்காத பட்டை ஒட்டுங்கள். கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

குளியலறைக் கைப்பிடியைச் செங்கல் சுவரில் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும், டவல் கம்பியைப் பிடித்து எழப் பழகிவிட்டால் ஒரு நாள் அது கழன்று வரும். புது கீசரில் தண்ணீர் பழையதைவிட வேகமாகவும் சூடாகவும் வரலாம். ஒரே கைப்பிடியில் சூடும் குளிரும் கலக்கும் குழாய் பெரியவர்களைக் குழப்பும். எந்தப் பக்கம் திருப்பினால் சூடு என்று சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். நீங்களே இரண்டு மூன்று நாள் கூட நின்று காட்டுங்கள், "இதுகூடத் தெரியாதா" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது.

ஞாபக மறதி உள்ளவர் இருந்தால் நிதானம் இன்னும் வேண்டும். அவருடைய அறையில் எதையும் புதிதாக வாங்காதீர்கள். பழைய கட்டில், பழைய போர்வை, பழைய சாமி படம், பழைய அறையில் எந்தப் பக்கம் தலை வைத்தாரோ அதே பக்கம். கழிப்பறைக் கதவுக்கு மற்ற கதவுகளிலிருந்து வேறு நிறம் அடியுங்கள், ராத்திரி அதைத் திறந்தே வையுங்கள்.

பின்னால் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்கில் அப்பா அம்மாவைக் குடிவைப்பது இப்போது நிறைய நடக்கிறது. தனிக் குளியலறை, படி கிடையாது, எல்லாம் வசதிதான். ஆனால் வீட்டின் நடுவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று முற்றத்துக்கு அந்தப் பக்கம் போகிறார். சாப்பாடு மூடிய டப்பாவில் போக ஆரம்பித்தால் அவர் விருந்தாளியாகிவிடுகிறார். குறைந்தது ஒரு வேளை அவர் பெரிய வீட்டு மேஜையில் சாப்பிடட்டும். மழையில் நனையாமல் வர மேலே கூரை போட்ட வழி, பிடித்து நடக்க ஒரு கம்பி, ராத்திரி அழைக்க ஒரு மணி, இவை பில்டரின் கணக்கிலேயே சேரட்டும். அவருக்கு ஒரு வேலையையும் விட்டு வையுங்கள்: கேட் சாவி, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர், சாயங்கால விளக்கு. எது அவர் கையில் இருந்ததோ அதைப் பிடுங்காதீர்கள்.

படி 7: பிள்ளைகள்

ஒரே அறையில் படுத்த அக்காவும் தம்பியும் இப்போது தனித்தனி அறையில். கேட்டதும் குதிப்பார்கள், மூன்றாம் ராத்திரி தம்பி தலையணையோடு அக்கா கதவைத் தட்டுவான். விடுங்கள். தரையில் ஒரு மெத்தை போட்டு வையுங்கள், சில வாரத்தில் தானாகவே நின்றுவிடும். அவன் அறையின் சுவர் நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குப் பிடிக்காத நிறமாக இருந்தாலும்.

மாடித் தடுப்புக் கம்பி ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும், கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் பந்து நுழையக்கூடாது. குறுக்குக் கம்பி வைத்தால் ஏணி மாதிரி ஏறுவார்கள், நெடுக்காக வைக்கச் சொல்லுங்கள்.

வாலிபப் பிள்ளைக்கு மேல்மாடி அறை கிடைத்தால் அவன் கீழே வருவது குறைந்துவிடும். வைஃபை பெட்டியைக் கீழே ஹாலில் வையுங்கள், சாப்பாடு மாடிக்குப் போகாது என்று முதல் நாளே சொல்லுங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவதை நீங்களும் கடைப்பிடியுங்கள்.

படி 8: பக்கத்து வீட்டுக்காரர்

பொதுச் சுவர் வீடுகளில் உங்கள் மாற்றம் அவர்களுக்கும் மாற்றம். உங்கள் புது மாடி ஜன்னல் அவர்கள் துணி காயப்போடும் முற்றத்தைப் பார்க்கிறதா என்று நின்று பாருங்கள். பார்க்கிறது என்றால் கண்ணாடியில் மறைப்பு ஒட்டுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இவ்வளவு மாதம் தூசியையும் சத்தத்தையும் தாங்கியவர்களுக்கு முதல் வெள்ளிக்கிழமைப் பலகாரம் ஒரு தட்டு போகட்டும்.

படி 9: மூன்றாம் மாதக் கூட்டம்

உள்ளே வந்த நாளிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். எது இடிக்கிறது, எது எட்டவில்லை, எது ஒழுகுகிறது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள், ஆபத்தானதைத் தவிர. பாதிக் குறைகள் பழகியதும் போய்விடும், அவசரப்பட்டு அலமாரியைக் கழற்றியவர்கள் மறுபடியும் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் எல்லாரும் உட்கார்ந்து தாளைப் படியுங்கள். வயதில் சிறியவர் முதலில் பேசட்டும், பெரியவர்கள் கடைசியில் பேசட்டும், இல்லாவிட்டால் சின்னவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். படி 1ல் போட்ட தாளையும் எடுத்து வாருங்கள். இடம் போனவர்கள் இப்போது எங்கே உட்காருகிறார்கள்? பதில் தெரியாத பெயர் ஒன்று இருந்தால் அன்றைய கூட்டத்தின் முதல் வேலை அதுதான்.

பணக் கணக்கையும் அன்றே திறந்து வையுங்கள். கடன் எவ்வளவு மீதி, மாதம் யார் எவ்வளவு என்று வீட்டில் சம்பாதிக்கிற எல்லாருக்கும் தெரியட்டும். ஒருவர் மட்டும் மனதுக்குள் சுமந்தால் அது டைல்மேல் விழுந்த டீக் கறைக்குக் கோபமாக வெளியே வரும்.

தாளில் இருப்பவற்றில் பில்டர் செய்ய வேண்டியதைத் தனியாகப் பிரியுங்கள்: இழுக்கும் கதவு, சொட்டும் கீசர், பூச்சில் வந்த கீறல். ஒப்பந்தம் எழுதும்போதே மொத்தத் தொகையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறை தீர்ந்த பிறகுதான் என்று எழுதியிருந்தால் இப்போது அவர் வருவார். குளிர்காலத்தில் முடிந்த வேலையானால் கூரைக்கான தொகையை மட்டும் அக்டோபர், நவம்பர் மழைவரை பிடித்து வைக்கலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் டர்பனில் மழை கோடையில்தான் பெய்யும், அதுவரை கூரையையும் புது வடிகாலையும் யாரும் சோதித்திருக்க முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சரிவில் கட்டிய வீடுகளுக்கு என்ன ஆனது என்று நாம் எல்லாரும் பார்த்தோம். முதல் பெரிய மழையன்று குடையோடு வெளியே போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பின்கரை மண் நகர்கிறதா, பக்கத்து வீட்டுக்குள் போகிறதா என்று பார்த்து, போனில் படம் எடுத்து பில்டருக்கு அனுப்புங்கள். மீதிப் பணம் அதற்கப்புறம்.